உள்ளே ஓர் ஆள்

கவசம் அணிந்தவர்களுக்குள் மகா பாக்கியசாலி யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் கர்ணன் என்று சொல்வேன். தானத்துக்காகவும் அல்ல, வீரத்துக்காகவும் அல்ல. அவனுடைய கவசம் உடம்போடு பிறந்தது. அளவெடுக்க வேண்டியதில்லை, வார் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை, முதுகு அரித்தால் கையை எங்கே விடுவது என்ற பிரச்னையும் இல்லை. குழந்தை வளர வளரக் கவசமும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். இந்த வசதி அவனுக்குப் பிறகு உலகத்தில் வேறு எவருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மற்ற எல்லாக் கவசங்களையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்தார். வேறு யாரோ ஒருவர் அதைச் சுமந்துகொண்டு நின்றார்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வீரன் கவசத்தைத் தரித்துக்கொண்டு குதிரைமேல் பாய்ந்தான் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, நாங்கள் காபி குடிக்கப் போய்விடலாம். சினிமாக்காரர்கள் அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. அதிலும் வருங்காலத்தைப் பற்றிய விஞ்ஞானக் கதையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு அது எஃகாகத் தோன்ற வேண்டும். போட்டுக்கொள்கிறவருக்கு இலேசாக இருக்க வேண்டும். பத்துத் தடவை கீழே விழுந்தாலும் உடையாமலும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டைச் சாதிப்பது சுலபம். மூன்றையும் சேர்த்துச் சாதிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இந்த விவகாரத்தில் எனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். என் அக்காள் மகன் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். அந்த அறையில் புஸ்தகங்களைவிடத் தலைக்கவசங்கள் அதிகம். அவன் பேசியதைக் கேட்டுக் கேட்டு, தேடிப் படித்து, பழைய படங்களைத் திரும்பப் பார்த்து, இப்போது எனக்கும் அந்தப் பித்துக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் 1927-ல் பெர்லினில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தைச் சொல்ல வேண்டும். அதில் ஓர் இயந்திரப் பெண் சிம்மாசனத்திலிருந்து எழுந்து வருவாள். நூறு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அவளைப் பார்த்தால் உலோகத்தில் வார்த்த உருவம் என்றுதான் தோன்றும். ஆனால் அவள்மீது உலோகப் பூச்சுத்தான் உண்டு. உலோகத் தகடு ஒன்றுகூடக் கிடையாது. வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டன்டார்ஃப் என்ற சிற்பி அதைச் செய்தார். செப்புத் தகட்டை அடித்துச் செய்யலாமா என்று முதலில் யோசனை. அதை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நடமாட முடியாது என்று கைவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ‘பிளாஸ்டிக் மரம்’ என்று சொல்லப்படும் ஒருவகை மரப்பசை தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. பிசைந்தால் மாவு, காய்ந்தால் மரம். நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்புக்கு அச்சு எடுத்து, அந்த அச்சின்மேல் சாக்குத் துணியையும் அதன்மேல் இந்த மரமாவைத் தட்டையாக உருட்டியும் போர்த்திக் காய வைத்தார். பிறகு வெட்டி, இழைத்து, வெள்ளிநிறப் பொடி கலந்த வார்னிஷைப் பூசினார். நம் வீட்டுப் பெண்கள் சப்பாத்திக்கு மாவு உருட்டுகிற அதே வித்தைதான். விளைவு சினிமா சரித்திரம்.

இந்தக் கவசத்தில் ஒரு சங்கடம். அச்சு எடுத்தது நின்ற நிலையில். படத்திலோ அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். மரம் வளையுமா? ஓரங்கள் உடம்பில் அழுத்தின, கீறின. அப்போது ஹெல்முக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முகமே தெரியாத இந்த வேஷத்துக்கு நான் எதற்கு, வேறு யாரையாவது போட்டால் என்ன என்று அவர் டைரக்டர் ஃப்ரிட்ஸ் லாங்கிடம் கேட்டாராம். உள்ளே இருப்பது நீதான் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்கிற அர்த்தத்தில் லாங் பதில் சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தப் பதிலில் எவ்வளவு கலை இருக்கிறது, எவ்வளவு கொடுமை இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் இருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை.

அந்த இயந்திரப் பெண்ணுக்கு ஐம்பது வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். 1977-ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் தங்க நிற இயந்திர மனிதன்தான் அவன். ஓவியர் ரால்ஃப் மக்குவாரி, மெட்ரோபோலிஸ் உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அவனை வரைந்தார். லிஸ் மூர் என்ற சிற்பி உருவம் கொடுத்தார். உள்ளே புகுந்தவர் ஆன்டனி டேனியல்ஸ் என்ற ஆங்கில நடிகர். 1976 மார்ச்சில் டுனீஷியாப் பாலைவனத்தில் முதல் நாள் படப்பிடிப்பு. உடையை மாட்டவே சுமார் இரண்டு மணி நேரம் பிடித்தது. சில அடிகள்தான் எடுத்து வைத்திருப்பார். இடது காலின் பிளாஸ்டிக் பகுதி உடைந்து அவர் பாதத்திலேயே குத்திவிட்டது. அந்த உடையில் அவரால் உட்காரவும் முடியாது. ஓய்வு என்றால் ஒரு பலகையில் சாய்ந்து நிற்பதுதான். சினிமா நட்சத்திரத்தின் வாழ்க்கை சுகபோகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அதே படத்தில் வெள்ளைக் கவசம் பூண்ட சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரு கவசத்தைக் கையால் செதுக்கலாம். ஐம்பதைச் செதுக்க முடியுமா? அதற்கு ஒரு யுக்தி இருக்கிறது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினால், நனைத்த அப்பளம்போல் துவண்டுவிடும். அதை அச்சின்மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். தகடு அச்சோடு அச்சாக ஒட்டிக்கொள்ளும். ஆறினதும் எடுத்தால் கவசத்தின் ஒரு துண்டு தயார். தலைக்கவசத்தின் முகமும் பின்பக்கமும் தனித்தனியாக இப்படி உருவாகி, காதோரத்தில் சேரும். அந்த மூட்டை மறைப்பதற்குத்தான் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு துண்டு. நாம் அலங்காரம் என்று நினைப்பது, பல சமயம் தையலை மூடுகிற தந்திரம்!

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. அச்சின் பள்ளமும் மூலையும் எங்கே ஆழமோ, அங்கே தகடு இழுபட்டு மெலிந்துவிடும். விரிசல் அங்கேதான் முதலில் விடும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் உட்பக்கத்தில் கண்ணாடி நாரை ரெஸினில் தோய்த்துப் பட்டையாக ஒட்டிப் பலப்படுத்துகிறார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே ஒட்டுப் போட்ட வேலை. பல குடும்பங்களின் கௌரவமும் இப்படித்தான் நிற்கிறது.

அந்தச் சிப்பாய்களுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது இன்னொரு விசேஷம். ஒரு காட்சியில், உள்ளே வருகிற சிப்பாய் ஒருவர் கதவின் மேல்விளிம்பில் தலையை முட்டிக்கொள்கிறார். படத்தை வெட்டித் தொகுத்தவர்கள் அதை எடுக்கவில்லை. ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். 2004-ல் டிவிடி வந்தபோது, ‘டங்’ என்று ஒரு சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள்! பிரபஞ்சத்தையே நடுங்க வைக்கும் சேனையில், கவசத்துக்குள் ஒரு சாதாரண மனுஷன் இருந்தான் என்பதற்கு அந்த முட்டல்தான் அத்தாட்சி.

1987-ல் வந்த ‘ரோபோகாப்’ கதை இன்னும் பரிதாபம். டல்லஸ் நகரத்தின் வெயிலில் படப்பிடிப்பு. ராப் பாட்டின் உருவாக்கிய அந்த உடையை முதல் தடவை மாட்டவே பதினோரு மணி நேரம் ஆனதாம். நடிகர் பீட்டர் வெல்லர், இயந்திர மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்று பல மாதம் ஒரு குருவிடம் பயிற்சி எடுத்திருந்தார். உடை வந்து சேர்ந்தது தாமதமாக. அதற்குள் புகுந்த பிறகு, கற்ற நடை ஒன்றும் கால்களுக்கு வரவில்லை. படப்பிடிப்பை நிறுத்தி, மறுபடியும் நடக்கக் கற்றுக்கொண்டார். காருக்குள் அந்த உடையோடு உட்கார முடியாது. ஆகையால் கார்க் காட்சிகளில் இடுப்புக்கு மேலேதான் இயந்திர மனிதன். கீழே சாதாரண உள்ளுடை! காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் குழாய் வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே ஊத வேண்டியிருந்தது.

இத்தனையையும் பார்த்தால், நிஜ யுத்தத்துக்குக் கவசம் செய்த பழைய கொல்லர்கள் பேரில் மரியாதை கூடிவிடுகிறது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு 1520-ல் ஒரு கவசம் செய்தார்கள். 235 தகடுகள், 42 கிலோவுக்கு மேல் எடை. உடம்பில் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது. ஆனாலும் முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும். இறால் ஓட்டைப்போல் தகட்டின்மேல் தகடு நழுவுகிறபடி கோத்திருந்தார்கள். 1960-களில் விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு உடை தயாரிக்க முயன்ற அமெரிக்க நிபுணர்கள், மூட்டுகளை எப்படி அமைப்பது என்று தெரிந்துகொள்ள இந்தக் கவசத்தைத்தான் ஆராய்ந்தார்கள். சந்திரனுக்குப் போகும் வழியில் ஒரு கொல்லன் பட்டறையில் விசாரித்துவிட்டுப் போன மாதிரி! நம் ஊர்க் கூத்துக்காரர்களும் விஷயம் தெரிந்தவர்களே. புஜத்திலும் மார்பிலும் தலையிலும் அவர்கள் கட்டுகிற அணிகளை இலேசான மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்து வைத்திருக்கிறார்கள். விடிய விடிய ஆட வேண்டியவனுக்குத் தெரியாதா, பொன்னைவிட மரம் மேல் என்று?

இனி என் மருமகனுடைய கதைக்கு வருகிறேன்.

அவன் வகுப்பில் ஆறடி உயரத்தில் ஒரு நண்பன். விஞ்ஞானக் கதைப் பிரியர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிற ஒரு விழாவில் அவனுக்கு ஒரு விண்வெளிச் சிப்பாய் வேஷம். வடிவம் இவனுடைய சொந்தக் கற்பனை. பாரிமுனையிலிருந்து, உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் விரிக்கிற நுரைப் பாய்களை வாங்கி வந்தான். மார்புக்குப் பத்து மில்லிமீட்டர், கைகளுக்கு ஐந்து. நண்பனை நிறுத்தி வைத்து, பழைய பனியன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்குமேல் ஒட்டு நாடாவைச் சுற்றி, பேனாவால் கோடு போட்டு, கத்திரியால் வெட்டி எடுத்தான். பிரித்து விரித்தால் அதுதான் அளவுப்படி. எந்தத் தையற்காரரும் மெச்சக்கூடிய வேலை.

“மாமா, இந்த அட்டையைப் பாருங்க. தட்டையா இருந்தா தொங்கிப் போகுது. கொஞ்சம் வளைச்சா நிக்குது. அவ்வளவுதான் ரகசியம்” என்றான்.

உண்மைதான். விசிறி மடிப்பு இல்லாவிட்டால் பனையோலையால் காற்று வீச முடியாது. தகட்டின் கனத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும் என்றும் அவன் கணக்குச் சொன்னான். ஆனால் கனம் கூடினால் பாரமும் கூடும். அதனால் கனத்தைக் கூட்டாமல் வளைவையும் முகட்டையும் கூட்டுவதே புத்திசாலித்தனம். வெப்பக் காற்றால் நுரையை இளக்கி வளைத்தான். செருப்புத் தைக்கிறவர்கள் செய்வதுபோல் இரண்டு பக்கமும் பசை தடவி, காயும்வரை பொறுத்திருந்து, அழுத்தினான். தலைக்கவசத்தைத் தாளில் மடித்து, மேலே ரெஸின் பூசி, உள்ளே கண்ணாடி நார் பதித்தான். ரெஸினின் நெடியும் நாரின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் அந்த வேலை முழுவதும் மொட்டை மாடியில், மூக்குமூடி போட்டுக்கொண்டு. ஒரு மாதம் தேய்த்தான். கடைசியில் முட்டை ஓடுபோல், எங்கேயும் ஒரு கோடு, ஒரு துளை இல்லாமல் வந்தது. எனக்கே தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

அத்தான் ஊரிலிருந்து வந்தார். ஜவுளி வியாபாரி. பின்னறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “தம்பி, இதுக்கு என்ன பேரு? படிப்பா, விளையாட்டா, கலையா? நீ கதை எழுதறவன், நீ சொன்னா அவன் கேப்பான். விடச் சொல்லு” என்றார். அவர் தீவிர ரஜினி ரசிகர். 2010-ல் ‘எந்திரன்’ வந்தபோது ஒரே வாரத்தில் மூன்று தரம் பார்த்தவர். “அந்த ரோபோ உடையை யாரோ ஒரு பிள்ளை ராத்திரி கண் முழிச்சுச் செஞ்சிருப்பான், அத்தான். அவனோட அப்பாவும் இதையேதான் கேட்டிருப்பார்” என்றேன். அவர் சிரித்தார், சமாதானம் ஆகவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு மாலையில் மாடியில் ஒத்திகை. நண்பன் முழுக் கவசத்துடன் நடந்தான், திரும்பினான், துப்பாக்கியைத் தூக்கினான். பிரமாதமாக இருந்தது. இருபது நிமிஷம் இருக்கும். என் மருமகன் ஏதோ கேட்டான். உள்ளேயிருந்து பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டான். சிப்பாய் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவசரமாக வார்களை அவிழ்த்துத் தலைக்கவசத்தை இழுத்தோம். கீழே ஒரு வெளிறின முகம். வியர்வை ஆறாக ஓடியது. ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. “ஒண்ணுமில்லைடா, நீ இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கே, அதான் சொல்லலை” என்றான்.

நுரைப் பாய் காற்றை விடாது. கண்ணாடித் திரை மூச்சில் மங்கிவிடும். அவன் விட்ட மூச்சையே அவன் மறுபடி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றிரவு பின்னறையில் விளக்கு அணையவில்லை. துளை போட்டால் முட்டை ஓடு கெட்டுவிடும். நடுவர்கள் முதலில் பார்ப்பது அந்த வழவழப்பைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தானும் சொல்லவில்லை, ஆனால் அவரும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் ரம்பத்தின் சத்தம் கேட்டது. மோவாய்க்குக் கீழே ஒரு நீண்ட பிளவு. பிடரியில் இன்னொன்று. உள்ளே கம்ப்யூட்டரில் வைக்கிற சின்ன விசிறிகள் இரண்டு. ஒன்று காற்றை இழுக்க, ஒன்று தள்ள. உறிஞ்சு குழல் நுழைய வழி. மார்புக் கவசத்தின் வார்களை எடுத்துவிட்டு, பையில் வைக்கிற அமுக்குக் கொக்கிகளைத் தைத்தான். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார ஒரு கச்சை. தொடைக் கவசத்தைப் பின்பக்கம் வெட்டிவிட்டான். அத்தான் வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தையல் அப்படிப் போட்டா பிரிஞ்சுரும். குடு இங்கே” என்று ஊசியை வாங்கிக்கொண்டார்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் விழாவில் எடுத்த ஒரு படத்தை எனக்குக் காட்டினான். விண்வெளிச் சிப்பாய் படிக்கட்டில் உட்கார்ந்து, உறிஞ்சு குழலில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் குழந்தைகள்.

இதற்கு என்ன பேர் என்று அத்தான் கேட்டாரே, அதே கேள்வி லண்டனில் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. முன்னே சொன்ன வெள்ளைச் சிப்பாய்களின் தலைக்கவசத்துக்கு, மக்குவாரியின் ஓவியங்களைப் பார்த்து நிக் பெம்பர்டன் என்பவர் களிமண் மாதிரி செய்தார். ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் பிளாஸ்டிக்கில் வார்த்தார். 2004-ல் எய்ன்ஸ்வொர்த் அதே கருவிகளைக் கொண்டு கவசங்கள் செய்து விற்க ஆரம்பித்ததும், லூகாஸ்ஃபிலிம் கம்பெனி வழக்குப் போட்டது. தலைக்கவசம் ஒரு சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் நெடுங்காலப் பதிப்புரிமை உண்டு. 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது: சிற்பம் அல்ல. படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு சாதனம் அது. கலைப்படைப்பு என்றால் அந்தப் படம்தான், கவசம் அல்ல. ஆனாலும் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கு இங்கிலாந்திலேயே வழக்குத் தொடரலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமும் உண்டாகவில்லை. சிற்பத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: உள்ளே யாரும் மூச்சு விடுவதில்லை. கல்லில் ஒரு வீரனைச் செதுக்குகிறவர் அழகு ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். கவசம் செய்கிறவர் தம் அழகில் எங்கே துளை போடுவது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கலை என்று பேர் வைக்காவிட்டால் போகட்டும். இந்த இரண்டாவது யோசனை வந்துவிட்டவனை நான் கலைஞன் என்றுதான் நினைக்கிறேன். லாங் கேட்டது ஓர் ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்று. என் மருமகன் கேட்டுக்கொண்டது, உள்ளே இருக்கிற ஆள் எப்படி இருக்கிறான் என்று.

நீங்கள் இனிமேல் விண்வெளிச் சேனைகளும் இரும்பு மனிதர்களும் வருகிற படத்துக்குப் போனால், வெடிச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கவசம் பூண்டு வருகிறவர் எங்காவது ஒரு காட்சியில் உட்காருகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். உட்கார்ந்தால், அதைச் செய்த யாரோ ஒருவருக்கு மனத்துக்குள் ஒரு நமஸ்காரம் சொல்லுங்கள்.